‘வேண்டாம்’ என்றால் விலகக் கற்றுத்தரும் வகுப்பு

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் நோட்டுக்குள் ஒரு கடிதம் அகப்படுகிறது. இப்போதெல்லாம் கடிதம் அரிது. இன்ஸ்டாகிராமில் வந்த செய்தி என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து நடப்பது என்ன என்று தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் தெரியும். தலைமையாசிரியர் அறை. “நாளைக்கு அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வா.” பையனுக்கு நாலு அடி, டி.சி. கிழித்துக் கொடுத்துவிடுவோம் என்ற மிரட்டல். பெண்ணைப் பெற்றவர்கள் வாசலில் தலைகுனிந்து நிற்பார்கள். வீட்டுக்குப் போனதும் போன் பிடுங்கப்படும். சில வீடுகளில் படிப்பே நின்றுபோகும், அடுத்த முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

இத்தனை பேர் கூடிப் பேசும் அந்த அறையில் இரண்டு கேள்விகளை மட்டும் யாரும் கேட்பதில்லை. அந்தப் பெண்ணிடம்: “உனக்கு இது பிடிச்சிருந்ததா, பயமா இருந்ததா?” அந்தப் பையனிடம்: “அவ வேண்டாம்னு சொன்னா நீ என்ன செய்வே?”

இரண்டாவது கேள்விக்கு விடை தெரியாமலே நம் பையன்கள் வளர்ந்து பெரியவர்களாகிறார்கள். 2016-இல் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். 2022-இல் பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவி ஓடும் ரயில் முன் தள்ளிக் கொல்லப்பட்டார். இரண்டு முறையும் செய்தித்தாள்கள் ‘ஒருதலைக் காதல்’ என்றே எழுதின. பொதுமக்கள் கொதித்தார்கள், நடைமேடைகளில் கேமரா கேட்டார்கள். கேட்டதில் தவறில்லை. ஆனால் மறுப்பைத் தாங்கிக்கொள்ள ஓர் ஆண்பிள்ளைக்கு யார், எந்த வயதில், எந்த இடத்தில் சொல்லித்தருவது என்ற பேச்சு அப்போதும் எழவில்லை.

இது நம் ஊரின் நோய் மட்டுமல்ல. துணையோடு வாழ்ந்த அல்லது பழகிய 15 முதல் 19 வயதுப் பெண்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் அந்தத் துணையிடமே உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2024-இல் கணக்கிட்டுச் சொன்னது. எண்ணிக்கையில் 1 கோடியே 90 லட்சம் சிறுமிகள். இருபது வயதை எட்டும் முன்பே இந்த நிலை என்றால், தடுக்கும் வேலையைக் கல்லூரியில் தொடங்குவது காலம் கடந்த வேலை. பள்ளிக்கூடம்தான் இடம். உலகின் சில நாடுகள் இதைச் செய்து பார்த்துவிட்டன. எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று அளந்தும் பார்த்திருக்கின்றன.

நடித்துப் பழகும் பாடம்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் நமக்கு அந்நியமானதல்ல. ஈழத்தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் படிக்கும் இடம். அந்த மாகாணத்தின் லண்டன் நகரில் டேவிட் வுல்ஃப், கிளேர் க்ரூக்ஸ், பீட்டர் ஜாஃபி ஆகிய உளவியலாளர்கள் சேர்ந்து ‘ஃபோர்த் ஆர்’ என்ற பாடத்திட்டத்தை உருவாக்கினார்கள். எழுத்து, வாசிப்பு, கணக்கு என்று ஆங்கிலத்தில் சொல்லும் மூன்று ‘ஆர்’களைப் போல, நான்காவதாக உறவும் (ரிலேஷன்ஷிப்) பள்ளியில் கற்க வேண்டிய அடிப்படைப் பாடம் என்பது அவர்கள் எண்ணம். ஒன்பதாம் வகுப்பின் உடல்நலப் பாடத்துக்குள் 21 வகுப்புகள், ஒவ்வொன்றும் 75 நிமிடம். வெளியிலிருந்து பேச்சாளர் வருவதில்லை. வழக்கமாக அந்தப் பாடம் எடுக்கும் ஆசிரியரே பயிற்சி பெற்று நடத்துகிறார்.

இதன் உயிர்நாடி உபதேசம் அல்ல, ஒத்திகை. மாணவர்களே நடித்து, திருத்தி, மறுபடி நடித்துப் பழகுகிறார்கள். நம் ஊருக்கு மாற்றிச் சொன்னால் இப்படி இருக்கும்.

மூன்று பையன்கள் வகுப்பின் முன்னால் நிற்கிறார்கள். ஒருவன் காதலன், ஒருவன் அந்தப் பெண், மூன்றாமவன் காதலனின் நண்பன். காதலன் கேட்கிறான்: “உன் இன்ஸ்டா பாஸ்வேர்டைக் கொடு. கொடுக்கலைன்னா என்மேல நம்பிக்கை இல்லைன்னு அர்த்தம்.” முதல் தடவை வகுப்பே சிரிக்கும். பெண்ணாக நடிப்பவன் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஆசிரியர் சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்து, மறுபடி என்பார். இரண்டாம் தடவை, “எங்கம்மா திட்டுவாங்க” என்று பதில் வரும். ஆசிரியர் நிறுத்துவார். அம்மாவை இழுக்காமல் உன் விருப்பமாகச் சொல்ல முடியுமா? மூன்றாம் தடவை: “எனக்குக் கொடுக்க இஷ்டமில்லை. அதுக்கும் நம்பிக்கைக்கும் சம்பந்தமில்லை.”

கடினமான கட்டம் இதற்குப் பிறகுதான். காதலனாக நிற்பவன் இப்போது பதில் சொல்ல வேண்டும். “ஏன்?” என்பான். கேட்கக் கூடாது. “அப்போ நமக்குள்ள எல்லாம் முடிஞ்சது” என்பான். மிரட்டக் கூடாது. “சரி” என்று ஒரு சொல் சொல்லிவிட்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். பதினான்கு வயதுப் பையனுக்கு அந்த ஒற்றைச் சொல் எவ்வளவு பாரம் என்பது நடித்துப் பார்க்கும்போதுதான் தெரியும். அடுத்து நண்பனின் முறை. “என்னடா, ஒரு பொண்ணுகிட்ட தோத்துட்டியா?” என்று அவன் கேட்டால் கதை ஒரு பக்கம் போகும். “விட்டுத்தள்ளுடா மச்சான், வா, விளையாடப் போலாம்” என்றால் வேறு பக்கம் போகும். கத்தி தூக்கியவனுக்கும் கண்ணீரோடு வீடு போய்ச் சேர்ந்தவனுக்கும் நடுவில் பல சமயம் நின்றிருப்பது இந்த நண்பன்தான். நம் ஊரில் அவனுக்கு யாரும் எதுவும் சொல்லித்தந்ததில்லை.

ஒன்டாரியோவில் 20 பள்ளிகளில் 1,722 மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். முடிவு 2009-இல் வெளியானது. பாடம் தொடங்கி இரண்டரை ஆண்டுக்குப் பின் கேட்டபோது, வழக்கமான பாடம் மட்டும் படித்தவர்களில் 9.8 விழுக்காட்டினர் தாம் பழகிய துணையை அடித்ததாகவோ தாக்கியதாகவோ ஒப்புக்கொண்டார்கள். இந்தப் பாடம் படித்தவர்களில் அது 7.4 விழுக்காடு. பையன்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணில் அறைகிறது: 7.1 விழுக்காடு 2.7 ஆகக் குறைந்திருந்தது. பெண்பிள்ளைகளிடம் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. ஒரு மாணவருக்கான செலவு 16 கனடிய டாலர், ஏறக்குறைய ஆயிரம் ரூபாய்.

நியூயார்க்கின் வரைபடம்

எல்லா வகுப்புகளும் பலிப்பதில்லை. நியூயார்க் நகரின் 30 அரசுப் பள்ளிகளில், ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் புரூஸ் டெய்லர், நான் ஸ்டைன் ஆகியோர் ‘ஷிஃப்டிங் பவுண்டரீஸ்’ என்ற திட்டத்தைச் சோதித்தார்கள். பள்ளிகளை நான்காகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பாடம் மட்டும். ஒரு பிரிவுக்குப் பள்ளி வளாகத்தில் மாற்றங்கள் மட்டும். ஒரு பிரிவுக்கு இரண்டும். ஒரு பிரிவுக்கு எதுவும் இல்லை. சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, பாடம் மட்டும் படித்த பிரிவில் வன்முறை குறையவில்லை. வளாகத்தை மாற்றிய பிரிவில் குறைந்திருந்தது. இரண்டும் செய்த பிரிவிலும் குறைந்திருந்தது.

வளாகத்தை மாற்றுவது என்றால் கட்டடத்தை இடித்துக் கட்டுவது அல்ல. பிள்ளைகளிடம் பள்ளியின் வரைபடத்தைக் கொடுத்து, எந்த இடம் பயமில்லாதது, எந்த இடத்தில் போகவே பிடிக்காது என்று குறிக்கச் சொன்னார்கள். பயம் என்று குறித்த இடங்களில் ஆசிரியர்களின் நடமாட்டத்தைக் கூட்டினார்கள். சுவரொட்டிகள் ஒட்டினார்கள். ஒருவர் இன்னொருவருக்குத் தொந்தரவு கொடுத்தால், இத்தனை நாள் அவரை நெருங்கமாட்டேன் என்று எழுத்தில் வாங்கும் ஏற்பாடும் இருந்தது. பாதிக்கப்பட்ட பெண் வகுப்பை மாற்றிக்கொண்டு ஓட வேண்டியதில்லை.

என்னை மிகவும் பாதித்தது இந்த வரைபடம்தான். தமிழ்நாட்டின் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இதைச் செய்தால் என்னென்ன வரும்? சைக்கிள் ஸ்டாண்டு வரும். கழிப்பறைக்குப் போகும் சந்து, மாடிப்படித் திருப்பம், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறம் வரும். காலை எட்டே காலுக்கு வரும் டவுன் பஸ்ஸின் பின்படிக்கட்டு வரும். மாலை டியூஷன் விட்டு வரும் பாதையில் தெருவிளக்கு எரியாத வளைவு வரும். ஆண்பிள்ளைகள் வரைவதும் பெண்பிள்ளைகள் வரைவதும் ஒரே பள்ளிதான் என்று நம்ப முடியாத அளவுக்கு வேறுபடும்.

தெற்கே போனால் அந்த வரைபடத்தில் இன்னொன்றும் வரும். ‘இந்தத் தெரு வழியாக நான் வரமாட்டேன்’ என்று சில பிள்ளைகள் குறிப்பார்கள். ஏன் என்று கேட்க வேண்டியதே இல்லை.

கையில் கட்டிய கயிறு

2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பள்ளி மாணவர் ஒருவரை உடன்படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. வெட்டியவர்களும் சிறுவர்கள். அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் தமிழ்நாடு அரசு அமைத்த ஒருநபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுப்பது, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது, மாணவர் எண்ணிக்கை 500-ஐத் தாண்டும் பள்ளிகளில் நல அலுவலர் நியமிப்பது என்று அதில் பரிந்துரைகள் பல. அறிக்கை வந்த நாட்களில் பேச்செல்லாம் கயிற்றைச் சுற்றியே சுழன்றது. நெற்றியில் இருப்பதையும் கையில் இருப்பதையும் எடுக்கச் சொல்கிறார்கள் என்று சிலர் சண்டைக்கு வந்தார்கள். வகுப்பறைக்குள் என்ன பேசப்பட வேண்டும் என்ற பகுதி கவனம் பெறாமலே போனது.

கனடாவிலிருந்தோ நியூயார்க்கிலிருந்தோ ஒரு பாடத்தை அப்படியே இங்கே எடுத்து வந்தால் அது பாதிப் பாடமாகத்தான் இருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். தமிழ்நாட்டில் ஓர் ஆணும் பெண்ணும் பழகினால் வீடு விசாரிக்கும் முதல் சங்கதி சாதி. இரண்டு பையன்கள் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டாலும் சில ஊர்களில் அதே விசாரணை. ‘அவ நம்ம ஆளு, அவன் எப்படிப் பேசலாம்’ என்று கிளம்பும் கூட்டத்தில் பதினைந்து வயதுப் பையன்கள் முன்வரிசையில் நிற்கிறார்கள். பெண்ணைத் தன் உடைமையாக நினைக்கும் மனமும், இன்னொரு சாதிக்காரனைத் தனக்குக் கீழானவனாக நினைக்கும் மனமும் ஒரே வீட்டில்தான் வளர்கின்றன. சமமான உறவு என்று இங்கே பாடம் நடத்துகிறவர் இரண்டையும் சேர்த்தே பேசியாக வேண்டும்.

ஹரியானா காட்டியது

நம் நாட்டில் இதெல்லாம் நடக்காது என்பவர்களுக்கு ஹரியானா பதில் வைத்திருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு வயதுக்கு உட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 834 பெண் குழந்தைகளே இருந்த மாநிலம் அது. சோனிபத், பானிபத், ரோத்தக், ஜஜ்ஜார் ஆகிய நான்கு மாவட்டங்களில் 314 அரசுப் பள்ளிகள், ஏறக்குறைய 14,000 மாணவர்கள். பிரேக்த்ரூ என்ற தொண்டு நிறுவனம் இவற்றில் ஏறத்தாழ பாதிப் பள்ளிகளில் வகுப்பு நடத்தியது. சுமார் மூன்று வாரத்துக்கு ஒருமுறை 45 நிமிடம், இரண்டரை ஆண்டுகள். வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள், அக்காவுக்கும் தம்பிக்கும் படிப்பில் ஏன் வேறு கணக்கு, வழியில் பெண்ணைச் சீண்டுவது என்ன, இதையெல்லாம் வீட்டில் எடுத்துச் சொல்லி எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று பேசினார்கள். ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் பங்கெடுத்தார்கள்.

தீவா தர், தருண் ஜெயின், சீமா ஜெயச்சந்திரன் ஆகிய மூவரும் இதை ஆராய்ந்து, 2022-இல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’ இதழில் எழுதினார்கள். பெண்ணைத் தாழ்த்திப் பார்க்கும் எண்ணங்களில் நூற்றுக்குப் பதினாறு மாறியிருந்தன. வகுப்புகள் முடிந்து இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் மாற்றம் அழியாமல் இருந்தது. நூற்றுக்குப் பதினாறு குறைவு என்று தோன்றலாம். ஒரு தலைமுறையில் நகராத எண்ணங்கள் முக்கால் மணி நேர வகுப்புகளில் இந்த அளவு நகர்ந்ததை நான் பெரிதாகவே நினைக்கிறேன்.

அந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. எண்ணம் இரு தரப்பிலும் மாறியது. நடத்தை பையன்களிடம்தான் கூடுதலாக மாறியது. பையன் நினைத்தால் தட்டைக் கழுவலாம், துணி மடிக்கலாம், ஒருவரும் தடுக்கப் போவதில்லை. பெண் நினைத்தால் மட்டும் போதாது, வாசலைத் தாண்ட வீட்டின் அனுமதி வேண்டும். பெண்களுக்குத் தைரியம் சொல்லித்தருவதிலேயே நம் விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் நேரத்தைச் செலவிடுகின்றன. தற்காப்புக் கலை, அவசர எண், ‘தெரியாதவர்களிடம் பேசாதே’ என்ற எச்சரிக்கை. அவையும் தேவைதான். ஆனால் அந்த நேரத்தில் பையன்களை மைதானத்துக்கு அனுப்பிவிடுகிறோம்.

மைதானத்தைச் சொன்னதால் ஒன்று. கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோவில் எலிசபெத் மில்லர் என்ற மருத்துவர் விளையாட்டுப் பயிற்சியாளர்கள் மூலமாகவே பையன்களை அணுகும் திட்டத்தைச் சோதித்தார். பயிற்சிக்கு முன்னோ பின்னோ வாரத்துக்குப் பதினைந்து நிமிடம், பெண்களை மதிப்பது பற்றிய பேச்சு. ஓராண்டுக்குப் பின் அந்தப் பையன்கள் தம் துணையைத் துன்புறுத்துவது மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. இதே திட்டத்தை மும்பையில் ‘பரிவர்தன்’ என்ற பெயரில் கிரிக்கெட் பயிற்சியாளர்களை வைத்து நடத்தினார்கள். நம் பள்ளிகளில் இதற்கு ஆள் தயாராக இருக்கிறார். பி.டி. வாத்தியார். பையன்கள் பயப்படுவதும் அவருக்குத்தான், மனம்விட்டுப் பேசுவதும் பல பள்ளிகளில் அவரிடம்தான். கபடிக் குழுவை வட்டமாக உட்காரவைத்து அவர் சொல்லும் ஒரு வார்த்தை, சிறப்பு விருந்தினர் மைக்கில் சொல்லும் ஆயிரம் வார்த்தைக்கு மேல் எடுபடும்.

ஆசிரியரின் அச்சம்

இவ்வளவும் சரி, யார் வாயைத் திறப்பது? ஆசிரியர்களின் தயக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 2007 வாக்கில் வளரிளம் பருவக் கல்வி பள்ளிகளுக்கு வந்தபோது எதிர்ப்புக் கிளம்பி, மகாராஷ்டிரம், கர்நாடகம், குஜராத், மத்தியப் பிரதேசம் உள்ளிட்ட பல மாநிலங்கள் அதை நிறுத்திவைத்தன. அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. ‘பிள்ளைகளுக்கு இல்லாததையெல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்கள்’ என்று ஒரு பெற்றோர் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டால், நிற்கப்போவது அந்த ஆசிரியர் மட்டும்தான்.

போக்சோ சட்டமும் இருக்கிறது. 2012-இல் வந்த இந்தச் சட்டம் பிள்ளைகளைப் பாதுகாக்க மிகத் தேவையானது. பதினெட்டுக்குக் கீழ் சம்மதம் செல்லாது. குற்றம் நடந்தது தெரிந்தால் யாராக இருந்தாலும் புகார் தெரிவித்தே ஆக வேண்டும். பதினேழு வயதுப் பெண்ணும் பையனும் விரும்பிப் பழகிய வழக்குகளும் இதில் சிக்குவதை, 2021 ஜனவரியில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு கவலையோடு சுட்டிக்காட்டியது. தன்னிடம் மனம்விட்டுப் பேசும் மாணவி நாளை சாட்சிக் கூண்டில் நிற்பாளோ என்று அஞ்சும் ஆசிரியை வாயை மூடிக்கொள்கிறார். அவருக்குத் தரப்படும் பயிற்சியில் முதல் நாளே இது இடம்பெற வேண்டும். எது புகார் தெரிவிக்க வேண்டியது, எது ஆலோசகரிடம் அனுப்ப வேண்டியது, எது கேட்டு ஆறுதல் சொன்னால் போதுமானது என்று தெளிவாகத் தெரிந்தவர்தான் தைரியமாகப் பேசுவார். மாணவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: “சில விஷயங்களை நீ சொன்னா, நான் மேல சொல்லியே ஆகணும்.” அப்படிச் சொல்லும் ஆசிரியரைப் பிள்ளைகள் நம்பவே செய்வார்கள்.

கட்டமைப்பு ஓரளவு இருக்கிறது. ‘மாணவர் மனசு’ என்ற புகார்ப் பெட்டி நம் பள்ளிகளில் இருக்கிறது. 14417 என்ற உதவி எண்ணும், குழந்தைகளுக்கான 1098-ம் இருக்கின்றன. ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டத்தில் 2020-இல் வந்த பாடத்திட்டம் 11 தலைப்புகள் கொண்டது. மனித உறவுகள், பாலினச் சமத்துவம், வன்முறைத் தடுப்பு எல்லாம் அதில் உண்டு. பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை இதற்கென நலத் தூதர்களாக நியமிக்கவும் அது சொல்கிறது. பெட்டியும் எண்ணும் காயம்பட்ட பிறகு உதவுபவை. காயப்படுத்தப் போகிறவனின் கையை முன்கூட்டியே நிறுத்தும் வகுப்புதான் குறைகிறது. அதற்கு ஒதுக்கிய நேரம் ‘போர்ஷன் முடிக்கணும்’ என்று கணக்குக்கும் அறிவியலுக்கும் போய்விடுகிறது. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டிலும் பொதுத்தேர்வு நெருங்கும்போது, விளையாட்டுப் பீரியடே காணாமல் போகும்போது இது எங்கே நிலைக்கும் என்று ஆசிரியர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

அதனால்தான் ஹரியானாவின் கணக்கைத் திரும்பப் பார்க்கச் சொல்கிறேன். மூன்று வாரத்துக்கு ஒரு பீரியட் என்றால் நம் வேலைநாட்களுக்கு ஆண்டில் பதினைந்து பீரியடுகூட ஆகாது. ஏழாம் வகுப்பில் தொடங்கினால், பத்தாம் வகுப்பின் நெருக்கடி வருவதற்குள் பெரும்பகுதி முடிந்துவிடும். முதல் பீரியடில் பள்ளியின் வரைபடத்தைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். அதற்குத் தேவை ஒரு சார்ட் பேப்பரும் இரண்டு கலர் ஸ்கெட்ச் பேனாவும். ஜூன் மாதம் டைம்டேபிள் போடும்போது இந்த வகுப்பை வெள்ளிக்கிழமை கடைசி நேரத்துக்குத் தள்ளாமல் காலை இரண்டாவது பீரியடில் வைத்து, வேறு பாடத்துக்குக் கடன் கொடுப்பதில்லை என்று ஒரு தலைமையாசிரியர் முடிவெடுக்க அரசாணை எதுவும் வேண்டியதில்லை.